150 வெள்ளியில் ஒரு நீர்த்தோட்டம்

மீன்தொட்டி வைக்க ஆசைப்படுவோர் முதலில் வாங்குவது பெரும்பாலும் மீனைத்தான். கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு அந்த வரிசை ஒத்துவராது. இடம், தொட்டி, நீர், செடி என்று எல்லாம் முடிவான பிறகு, பட்டியலில் கடைசியாக வரவேண்டியது மீன்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதியில் இரண்டு பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்ததில் 150 வெள்ளியை ஒதுக்கி, செடிகள் நிறைந்த ஒரு சிறு நன்னீர்த் தொட்டியை அமைக்கத் திட்டமிட்டேன். அதற்கு வீட்டில் இருவரின் சம்மதம் தேவைப்பட்டது.

முதலாமவர் அம்மா. சென்ற ஆண்டு எங்கள் புளோக்கில் இருவருக்கு டெங்கி வந்தது. “காசு உன் காசு, சரி. ஆனா வீட்ல ஒரு கொசு பறந்தாலும் தொட்டி வெளிய போயிடும்,” என்றார். இரண்டாமவர் பாட்டி. அவரும் நானும் ஒரே அறையில் உறங்குகிறோம். “ஏன் கண்ணு, ராத்திரி சத்தம் போடுமா?” என்பதே அவருடைய ஒரே கேள்வி.

கொசு வரக்கூடாது, சத்தம் கூடாது, 150 வெள்ளியைத் தாண்டக்கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளும்தான் என் திட்டத்தின் அடிப்படை ஆயின. பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பயிலும் நண்பர்கள் சிலர் இதுபற்றிக் கேட்டதால் முழு விவரத்தையும் இங்கே தருகிறேன்.

முதலில் இடம், பிறகு தொட்டி

தொட்டியின் விலையைவிட முதலில் பார்க்கவேண்டியது அதன் எடை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியில் 54 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் அது பெரியவர் ஒருவரின் எடையைத் தாண்டிவிடும். என் பழைய படிப்பு மேசை அதைத் தாங்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனவே 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். கணக்குப்படி அதன் கொள்ளளவு 40.5 லிட்டர். ஆனால் அடியில் 5 செ.மீ. மணலும் மேலே 3 செ.மீ. இடைவெளியும் போக, உண்மையில் நிற்கும் நீர் ஏறத்தாழ 30 லிட்டர்தான். மருந்தின் அளவு, மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றை முடிவுசெய்யும்போது இந்த 30-ஐத்தான் கணக்கில் கொள்ளவேண்டும். நீர் 30 கிலோ, மணல் 10 கிலோ, கண்ணாடி 7 கிலோ, மரக்கட்டை முதலியவை சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 50 கிலோ. தரையோடு ஒட்டிய ஓர் உறுதியான அலமாரி அதைத் தாங்கும்.

இன்னும் சிறிய கண்ணாடிக் கிண்ணம் மலிவுதானே என்று கேட்கலாம். நீர் குறைவாக இருந்தால் கழிவு விரைவாகச் செறிவடையும். வெப்பநிலையும் வேகமாக ஏறி இறங்கும். தொடங்குவோருக்குச் சிறிய தொட்டியைவிடச் சற்றுப் பெரிய தொட்டியே எளிது.

தொட்டியைச் சன்னலுக்கு அருகில் வைக்கவேண்டாம். நேரடி வெயில் பட்டால் நீர் சூடாகும், பாசியும் மண்டும்.

பயன்படுத்திய தொட்டிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தேசிய சேவைக்குப் புறப்படும் இளையர் பலர் தங்கள் தொட்டிகளைக் குறைந்த விலைக்கு விற்கின்றனர். எல்இடி விளக்குடன் என் தொட்டி 32 வெள்ளிக்குக் கிடைத்தது அப்படித்தான். வாங்குவதற்கு முன் மூலைகளில் உள்ள சிலிக்கோன் உரியாமல் இருக்கிறதா என்று பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குளியலறையில் நீர் நிரப்பி ஒருநாள் முழுவதும் வைத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.

குழாய் நீரில் என்ன இருக்கிறது?

குழாய் நீரை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் போதும், மருந்து போய்விடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். குளோரினைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் நீரைக் கிருமிநீக்கம் செய்யக் குளோரமைனைப் பயன்படுத்துகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம் அது. குழாய்களில் நெடுந்தூரம் செல்லும் நீரில் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். ஆகவே ஓர் இரவில் அது ஆவியாகிப் போகாது.

நாம் குடிக்க அந்த நீர் பாதுகாப்பானது. மீனோ செவுள் வழியாக மூச்சுவிடுகிறது. குளோரமைன் அந்தச் செவுளைத் தாக்கும். அதனால் குளோரின்நீக்கி மருந்து கட்டாயம் தேவை. குளோரமைனையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 6 வெள்ளிப் புட்டி எனக்குப் பல மாதங்கள் வருகிறது.

இதில் அம்மாவுக்கும் ஒரு நல்ல செய்தி இருந்தது. மருந்து சில நிமிடங்களில் வேலை செய்துவிடுவதால், வாளியில் நீரைப் பிடித்து நாள்கணக்கில் வைக்கத் தேவையில்லை. ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது அத்தகைய அசையாத நீரைத்தான். தொட்டியில் வடிகட்டி நீர்ப்பரப்பை எப்போதும் அசைத்துக்கொண்டே இருக்கும். மீன் வராத முதல் வாரங்களில் கூடுதல் பாதுகாப்புக்காகத் தொட்டியை நுண்வலையால் மூடிவைத்தேன்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

ஒரு கடையில், “எல்லாவற்றையும் இன்றே வாங்கிக்கொள், இன்றே மீனையும் போடலாம்,” என்று சொன்னார்கள். அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பதை உயர்நிலைப் பள்ளியில் படித்த நைட்ரஜன் சுழற்சி சொல்லிவிடும்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். வேறுவகைப் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு தீங்கானது அன்று. செடிக்கு அது உரம். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருப்பதில்லை. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீனைப் போட்டால், அது தன் கழிவிலேயே நஞ்சூட்டப்பட்டு இறக்கும். புதிதாக வாங்கிய மீன்கள் ஒரே வாரத்தில் இறந்துபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எனவே மீன் இல்லாமலே தொட்டியை ஓட்டினேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டேன். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுதான் உணவு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் திரவச் சோதனைப் பெட்டிகளுக்கு 22 வெள்ளி ஆனது. வீண்செலவு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் எப்போது மீன் விடலாம் என்பதைச் சொல்ல வேறு வழியில்லை. தெளிந்த நீரைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

என் குறிப்பேட்டின்படி ஐந்தாம் நாள் அம்மோனியா தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் நைட்ரைட் தலைகாட்டியது. முப்பத்து நான்காம் நாள் இரண்டும் பூஜ்யம். அடுத்த சில நாள்கள் உணவைப் போட்டபோதும் அவை பூஜ்யத்திலேயே நின்றன. அந்த ஐந்து வாரங்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், “மீன் எங்கே?” என்று கேட்டார்கள். தம்பி மட்டும், “அக்கா தண்ணி வளக்குறாங்க,” என்று எனக்காகப் பதில் சொன்னான்.

படத்தில் பார்ப்பதும் நம்மால் முடிவதும்

இணையத்தில் நம்மை மயக்கும் தொட்டிப் படங்களுக்குப் பின்னால் ஜப்பானியர் தகாஷி அமானோவின் தாக்கம் இருக்கிறது. 1954-இல் பிறந்து 2015-இல் மறைந்த அவர் புகைப்படக் கலைஞரும்கூட. நீருக்கடியில் காட்டையும் மலையையும் போல அமைக்கும் கலையை உலகெங்கும் பரப்பியவர். அவரது கடைசிப் பெரும்படைப்பு லிஸ்பன் நகரக் கடலகத்தில் இருக்கிறது. 40 மீட்டர் நீளமும் 160,000 லிட்டர் நீரும் கொண்டது அது.

அத்தகைய தொட்டிகளில் வலுவான விளக்கும், கரியமில வாயுவைச் செலுத்தும் கருவியும், நாள்தோறும் உரமும் உண்டு. வாயுக் கருவி மட்டுமே என் முழு வரவுசெலவுத் திட்டத்தையும் விழுங்கிவிடும். மறுபுறம், அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியைக் காட்டினார். மிதமான வெளிச்சம், அடியில் சத்துள்ள மண், நிறையச் செடிகள், குறைவான மீன்கள். செடிகளே நீரைத் தூய்மைப்படுத்தும் என்பது அவர் கருத்து. அம்மோனியாவைச் செடிகள் நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். மாணவரின் பணப்பைக்கு ஏற்றது இந்த வழிதான். நான் மண்ணுக்குப் பதிலாக மணலைப் பரப்பி, வேர் அருகே உர மாத்திரைகளைப் புதைத்தேன்.

மிதமான வெளிச்சத்தில் வளரும் நான்கு வகைச் செடிகளை வாங்கினேன்.

கிரிப்டோகொரைன் வெண்டியை: இலங்கையின் ஓடைகளுக்கு உரிய செடி. வேர் மணலுக்குள் இருக்கவேண்டும். நட்ட சில நாள்களில் இலைகள் கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும். மூன்று வாரத்தில் புதிய இலை வரும். கிரிப்டோகொரைன் இனங்கள் நம் வட்டாரத்துக்கும் சொந்தமானவை. கிரிப்டோகொரைன் திமாஹென்சிஸ் என்ற வகைக்குப் புக்கிட் தீமாவின் பெயரே இடப்பட்டுள்ளது.

ஜாவா பெரணியும் அனுபியாசும்: இவற்றின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையில் நூலால் கட்டிவிட்டால் போதும்.

வாட்டர் விஸ்டீரியா: வேகமாக வளரும் செடி. தொடக்க வாரங்களில் சத்தை உறிஞ்சிக்கொண்டு பாசிக்கு இடம் கொடுக்காமல் செய்வது இதுதான். வெட்டிய கிளையை மீண்டும் நட்டால் அது தனிச் செடியாகும். ஒரு கட்டு வாங்கினால் இரண்டு மாதத்தில் நான்கு கட்டு.

விளக்கு நாளுக்கு ஏழு மணி நேரம் போதும். பிற்பகல் 2 மணிக்கு எரிந்து இரவு 9 மணிக்கு அணையும்படி டைமர் பொருத்தினேன். பாட்டி படுக்கும் நேரம் 9.30. தொங்கு வடிகட்டியிலிருந்து விழும் நீர்தான் சத்தத்துக்குக் காரணம் என்பதால், நீர்மட்டத்தை வடிகட்டியின் வாய்வரை உயர்த்தி வைத்தேன். விழும் தூரம் குறைந்தது, சத்தமும் அடங்கியது.

எந்த மீன், எத்தனை?

எனக்கு ஹார்லிகுவின் ரஸ்போராவின் மேல்தான் ஆசை. உடலில் கறுப்பு முக்கோணம் கொண்ட அந்த மீன் சிங்கப்பூரின் மண்ணுக்கே உரியது. நீ சூன் சதுப்புநிலக் காட்டில் வாழ்வது. ஆனால் அது 4 முதல் 5 செ.மீ. வரை வளரும், கூட்டமாக நீந்த நீளமான இடம் வேண்டும். 45 செ.மீ. தொட்டி அதற்குக் குறைவுதான்.

எனவே சில்லி ரஸ்போராவைத் தேர்ந்தெடுத்தேன். போர்னியோவின் தென்மேற்குச் சதுப்பு நீர்களில் வாழும் சிவப்பு மீன் அது. முழுதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ 2 செ.மீ.தான். எட்டு மீன்கள் என்றாலும் 30 லிட்டருக்குச் சுமையில்லை. அந்த மீன் விரும்புவது சற்றே அமிலத்தன்மை கொண்ட, தேநீர் நிறமுள்ள நீர். அதற்குக் காய்ந்த கெத்தாப்பாங் இலை உதவும். மரக்கட்டையும் சிறிது உதவும். கெத்தாப்பாங் மரம் சாலையோரம் எங்கும் நின்றாலும், பூங்காக்களில் தாவரப் பகுதிகளை அனுமதியின்றி எடுக்கக்கூடாது. கடையில் ஒரு வெள்ளிக்கு ஒரு சிறு கட்டு கிடைக்கிறது.

எங்கள் அறையில் தொட்டி நீர் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. வெப்பமூட்டும் கருவி இங்கே தேவையில்லை என்பது நமக்குப் பெரிய மிச்சம். தங்கமீன் மலிவு என்று வாங்கவேண்டாம். அது சாணளவுக்கு மேல் வளரும், கழிவும் அதிகம், செடியையும் தின்னும்.

முதலில் இரண்டு நெரைட் நத்தைகளை விட்டேன். பாசியைத் தின்னும், நன்னீரில் பெருகாது. ஒரு வாரம் கழித்து மீன்கள் வந்தன. பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, பிறகு வலையால் மீன்களை மட்டும் எடுத்து விட்டேன். கடை நீரைத் தொட்டியில் ஊற்றவில்லை.

வரவும் செலவும்

செலவுக் கணக்கு இதோ. இவை நான் கொடுத்த விலைகள். கடைக்குக் கடை மாறும்.

கருவிகள்: விளக்குடன் பயன்படுத்திய தொட்டி 32, வடிகட்டி 20, டைமர் 8. மொத்தம் 60 வெள்ளி.

அடித்தளம்: மணல் 8, உர மாத்திரை 6, மரக்கட்டை 8. மொத்தம் 22 வெள்ளி.

நீர்ப் பராமரிப்பு: குளோரின்நீக்கி 6, சோதனைப் பெட்டிகள் 22, வெப்பமானி 2, நீரிறைக்கும் குழாயும் வலையும் 5. மொத்தம் 35 வெள்ளி.

உயிர்களும் உணவும்: செடிகள் 18, எட்டு மீன்கள் 8, நத்தைகள் 2, மீன் உணவு 4. மொத்தம் 32 வெள்ளி.

ஆக 149 வெள்ளி. மீதமிருந்த ஒரு வெள்ளி கெத்தாப்பாங் இலைக்குப் போனது.

இந்தக் கணக்கைக் கவனித்தால் ஒன்று புரியும். மீனின் விலை வெறும் 8 வெள்ளி. அந்த 8 வெள்ளி உயிர்வாழ மற்ற 142 வெள்ளி வேண்டும். கையில் 30 வெள்ளிதான் இருக்கிறது என்றால், அவசரப்பட்டு மீனை வாங்குவதைவிட, ஒரு கண்ணாடி ஜாடியில் செடிகளை மட்டும் வளர்த்துப் பழகலாம்.

மாதச் செலவு அதிகமில்லை. 4 வாட் வடிகட்டி நாள் முழுவதும், 12 வாட் விளக்கு ஏழு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 5.4 யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 1 வெள்ளி 62 காசு. வாரம் ஒருமுறை 8 லிட்டர் நீரை மாற்றுகிறேன். அந்த ஒரு வாளிக்கு நான்கு காசுகூட ஆகாது. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக்கூடாது. குளோரமைன் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த அதே நீரில் லேசாக அலசினால் போதும்.

நாம் இல்லாதபோது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த மாணவரும் மீன் வாங்கக்கூடாது என்று நினைக்கிறேன். நம் வயதில் வாழ்க்கை அடிக்கடி இடம் மாறுகிறது. தேசிய சேவை, விடுதி, வேலைப் பயிற்சி, வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம் என்று ஏதாவது வரும். அப்போது தொட்டி சுமையாகிறது. அதிலிருப்பவற்றைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடுவது கருணையான செயல் போலத் தோன்றலாம். உண்மை அப்படியன்று. பழக்கமில்லாத நீரில் பல மீன்கள் இறந்துவிடும். பிழைக்கும் சில, அங்கேயே வாழ்ந்துவரும் உயிர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தென்னமெரிக்காவின் பீகாக் பாஸ் மீன் இன்று நம் நீர்த்தேக்கங்களில் வாழ்கிறது. பகாங்கின் தாசேக் சினி ஏரியில் தென்னமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்ற நீர்ச்செடி பரவித் தொல்லையாகியிருக்கிறது. அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிதான் அதுவும். வளர்ப்புப் பிராணிகளைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும்கூட. வெட்டிய செடிகளைக்கூட நான் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில்தான் போடுகிறேன். நம் வடிகால்கள் பல நீர்த்தேக்கங்களில்தான் போய்ச் சேருகின்றன.

அடுத்த ஜனவரியில் ஒரு பருவம் நான் வெளிநாட்டில் படிக்கப்போகிறேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பியிடம் அதைத் தொட்டி வாங்குவதற்கு முன்பே பேசி முடித்தேன். எப்போது, எவ்வளவு உணவு, எத்தனை சொட்டு மருந்து, எந்தச் சோதனையில் என்ன நிறம் வந்தால் நீரை மாற்றவேண்டும் என்று ஒரே தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மாதம் 5 வெள்ளி அவனுக்குக் கூலி. இப்போதே மாதத்தில் ஒரு வாரம் அவன்தான் எல்லாம் பார்க்கிறான். நான் தலையிடுவதில்லை.

மீன்கள் வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. எட்டும் நலமாக இருக்கின்றன. கொசு வரவில்லை. பாட்டிக்கு இப்போது இரவு 9 மணிக்கு விளக்கு அணைவதுதான் குறை. இன்னும் அரைமணி நேரம் எரியட்டுமே என்கிறார்.

தொட்டி வைக்க விரும்பும் இளையர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள். ஓர் அளவுநாடாவை எடுத்து இடத்தை அளந்து பாருங்கள். வீட்டில் உள்ளவர்களின் நிபந்தனைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசியுங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், கடைக்குப் போய் முதலில் ஒரு சோதனைப் பெட்டியை வாங்குங்கள்.